சிவப்புப் பட்டனுக்கு முதலிடம்

“எண்பது மில்லி செகண்டில் நின்றுவிடும் சார்” என்று நான் சொன்ன பிறகுதான் அவரைக் கீழே தள்ளி மிதித்தார்கள். அதுவரை சட்டையைப் பிடித்து உலுக்கிக்கொண்டு மட்டும் இருந்தார்கள்.

மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் போகிற சாலையில் ஒரு கல் அறுக்கும் பட்டறை. தொண்ணூறுகளின் கடைசி. எனக்கு வயது இருபத்திரண்டு. இன்ஜினியரிங் முடித்த கையோடு வகுப்புத் தோழன் ஒருவனும் நானும் செங்கல்பட்டில் ஒரு மாடியறையை வாடகைக்குப் பிடித்து, மெஷின்களுக்கு கன்ட்ரோல் போர்டு செய்து கொடுத்துக்கொண்டிருந்தோம். வெளியே சுற்றி ஆர்டர் பிடிப்பதும் சாலிடரிங் செய்வதும் அவன். சிப்புக்குள் புரோகிராம் எழுதுவது நான். அணுமின் நிலைய ஊழியர்களுக்கான அணுபுரத்துக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன் நான். காலை பஸ்ஸை ஒரு நிமிடம் தவறவிடாத அப்பாக்களைப் பார்த்துப் பார்த்து, நேரக் கணக்கு எனக்கு ரத்தத்திலேயே ஊறியது என்று சொல்லிக்கொண்டு திரிவேன்.

பட்டறையில் ஆள் உயரத்தைவிடப் பெரிய வட்டமான பிளேடு ஒன்று சுற்றும். அதன் விளிம்பு முழுக்க வைரத்தூள் சேர்த்த துண்டுகளை ஒட்டியிருப்பார்கள். அங்கே அதற்குப் பெயர் பல். கருங்கல்லை ஒரு இரும்பு வண்டியில் ஏற்றி, தண்டவாளத்தின்மேல் பிளேடை நோக்கி மெதுவாக நகர்த்துவார்கள். பிளேடின் இரண்டு பக்கமும் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீர் நின்றால் பிளேடு கொதிக்கும், ஒட்டிய இடம் இளகும், பல் பறக்கும். பறக்கிற பல்லும் துப்பாக்கிக் குண்டும் ஒன்று.

அன்று காலை பதினோரு மணிக்குத் தண்ணீர்க் குழாய் கழன்றுவிட்டது. மெஷினை ஓட்டியவர் திருப்போரூர்ப் பக்கத்துக்காரர், நாற்பதைத் தாண்டியவர். எல்லோரும் அவரை அண்ணாத்த என்றே கூப்பிடுவோம். குழாயைப் பிடித்து மாட்ட ஓடியவர் கோவளத்துக்காரர், என்னைவிட ஏழெட்டு வயது பெரியவர். அண்ணாத்த மெஷினை நிறுத்துகிற சிவப்புப் பட்டனை அழுத்தினார், அல்லது அழுத்தியதாகச் சொன்னார். வண்டி நிற்கவில்லை. காய்ந்த பிளேடுக்குள் கல் போய்க்கொண்டே இருந்தது. பல் ஒன்று கழன்று, கோவளத்துக்காரரின் இடது கன்னத்தில் புகுந்து, தாடையை உடைத்து, கண்ணையும் எடுத்துக்கொண்டு, பின்னாலிருந்த தகரச் சுவரில் ஓட்டை போட்டுவிட்டு எங்கோ போய் விழுந்தது. போன் வந்து நாங்கள் இருவரும் பைக்கில் போய்ச் சேர்ந்தபோது அந்த ஓட்டை வழியாக வெயில் உள்ளே விழுந்துகொண்டிருந்தது. தரையிலிருந்த கல்சேறு வெளிர் சிவப்பாக இருந்தது. அவரை அதற்குள் செங்கல்பட்டுக்குக் கொண்டுபோயிருந்தார்கள்.

மூன்று மணிக்கு அவருடைய அண்ணனும் இன்னும் நாலு பேரும் வேனில் வந்து இறங்கினார்கள். முதலாளி அவர்களிடம் சொன்னது இவ்வளவுதான்: மெஷின் சரியாக இருந்தது, ஓட்டியவன்தான் பட்டனை அழுத்தாமல் பார்த்துக்கொண்டு நின்றான். சொல்லிவிட்டு என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார்.

“போர்டு செஞ்ச இன்ஜினியரே கீறாரு, கேட்டுக்கோங்க. தம்பி, பட்டன அமுக்குனா நிக்குமா நிக்காதா?”

நான் சொன்னேன். எண்பது என்று. மில்லி செகண்ட் என்றால் ஒரு செகண்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்றும் விளக்கினேன். கேட்காமலே விளக்கினேன். அது அப்போது என் வியாதி.

“அப்போ நிக்கலன்னா இவன் அமுக்கல. அப்படித்தான?” என்றார் அண்ணன்காரர்.

தலையாட்டினேன்.

அண்ணாத்த கீழே விழுந்ததும் ஒருவன் முதுகில் ஏறி நின்றான். விலாவில் உதை விழும்போது உள்ளே ஏதோ முறிகிற சத்தம் கேட்கும் என்று நான் அதுவரை நினைத்ததில்லை. கேட்கும். அவர் சேற்றில் சுருண்டுகொண்டு, ஒவ்வொரு உதைக்கும் ஒரு தடவை, “அமுக்குனேன், அமுக்குனேன்” என்றார். அண்ணன்காரர் கடப்பாரையைத் தூக்கியபோதுதான் அவருடைய ஆட்களே அவரைக் கட்டிப்பிடித்து இழுத்தார்கள். போகும்போது அவர் கத்தவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்.

“ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வரட்டும். என்னிக்கு வெளிய வர்றானோ அன்னிக்கு வாசல்லயே ரெண்டு கையயும் எடுக்கிறோம். அமுக்காத கை இன்னாத்துக்கு?”

யாரும் அதைச் சும்மா பேச்சாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்று வியாழன். அண்ணாத்தயை அதே செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில், கண் போன தம்பிக்காரர் படுத்திருந்த கட்டடத்துக்கு அடுத்த கட்டடத்தில் சேர்த்தார்கள். திங்கட்கிழமை அனுப்பிவிடுவதாகச் சொன்னார்கள். கோவளத்து ஆட்கள் இரண்டு பேர் வாசல் டீக்கடையிலேயே முறை போட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

என் தலையாட்டலுக்குப் பின்னால் ஓர் அட்டவணை இருந்தது. அதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

கல்லூரியின் மூன்றாம் வருஷம், லைப்ரரியில் கிடைத்த ஒரு கட்டுரையின் ஜெராக்ஸ் என்னைப் பிடித்து ஆட்டியது. ஒரு சிப்பால் ஒரு நேரத்தில் ஒரு வேலையைத்தான் பார்க்க முடியும். ஆனால் நாம் அதன் தலையில் ஐந்தாறு வேலைகளைக் கட்டுகிறோம். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கெடு உண்டு, அதற்குள் முடியாவிட்டால் முடித்தும் பயனில்லை. இவை எல்லாம் ஒரே நொடியில் வந்து மோதிக்கொண்டால் யார் யாரைத் தள்ளிவிட்டு முன்னால் போவார்கள், தள்ளப்பட்டவன் எவ்வளவு நேரம் காத்திருப்பான், அப்போதும் கெடுவுக்குள் முடிப்பானா? இதை மெஷினை ஓட்டிப் பார்க்காமலே பேப்பரில் கணக்குப் போட்டு அடித்துச் சொல்லிவிடலாம். அதைப் படித்தபோது எனக்குக் காய்ச்சல் மாதிரி வந்தது. உலகமே எனக்கு அடிதடியாகத் தெரிந்தது, அந்த அடிதடிக்கு ஒரு சமன்பாடும் கிடைத்துவிட்டது. ஹாஸ்டல் பாத்ரூம் வரிசைக்கு அட்டவணை போட்டேன். அதை ஒட்டியதற்கு சீனியர்கள் போட்டு உதைத்தார்கள். அந்த உதை எந்த வரிசையில் விழுந்தது என்பதையும் எழுதிவைத்தேன்.

கல் பட்டறை போர்டுக்கும் அப்படி ஒன்று போட்டேன். மோட்டார் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று பத்து மில்லி செகண்டுக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும். வண்டி முன்னால் போகட்டுமா, நிற்கட்டுமா என்று இருபதுக்கு ஒரு தடவை முடிவு செய்ய வேண்டும். தண்ணீரைப் பார்ப்பதும் டிஸ்ப்ளேயில் எண் காட்டுவதும் அதற்கப்புறம். கடைசியில் அந்தச் சிவப்புப் பட்டன். வழக்கமாக அதை நேரே மின்சாரத்தைத் துண்டிக்கிற மாதிரி இணைப்பார்கள். பிளேடு கல்லுக்குள் இருக்கும்போது கரண்டைப் பட்டென்று வெட்டினால் பிளேடு வளைந்துவிடும் என்று முதலாளி அதை ஒத்துக்கொள்ளவில்லை. பக்குவமாக நிறுத்த வேண்டும், எல்லாம் போர்டு வழியாகவே நடக்கட்டும் என்றார். எங்களுக்கும் அது பெருமையாக இருந்தது.

கெடு எதற்குக் குறைவோ அதற்கு முன்னுரிமை கொடு என்பது அந்தக் கட்டுரை சொன்ன விதி. நான் மீறினேன். உயிர் சம்பந்தப்பட்ட பட்டனைக் கடைசியில் நிறுத்துவதா என்று அதைத் தூக்கி எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன். எங்கள் பக்கத்து ஊர்த் திருவிழாவில் பரிவட்டம் யாருக்கு முதலில் கட்டுவது என்று மண்டைகள் உடைந்ததை நேரில் பார்த்தவன் நான். பெரிய ஆளுக்கு முதல் இடம் என்கிற அந்த மூளைதான் எனக்கும் வேலை செய்திருக்கிறது. பட்டனை அழுத்தினால் சிப் மற்ற எல்லாவற்றையும் போட்டுவிட்டு அதைக் கவனிக்கும். மோட்டாரின் தீப்பொறியால் வந்த பொய் சைகையா, நிஜமாகவே அழுத்தினார்களா என்று திரும்பத் திரும்பப் பார்த்து உறுதி செய்யும். கரண்ட் போனாலும் அழியாத நினைவகத்தில் எண்ணிக்கையை ஒன்று கூட்டும். பிறகு ‘நிறுத்து’ என்று குறித்து வைக்கும். இதற்கு அறுபது மில்லி செகண்ட். அந்தக் குறிப்பைப் பார்த்து வண்டியை நிறுத்துவது வண்டியைக் கவனிக்கிற வேலையின் பொறுப்பு. அதற்கு இன்னும் இருபது. மொத்தம் எண்பது. அட்டவணையை அழகாக டைப் அடித்து போர்டு மூடியின் உட்பக்கம் ஒட்டினேன். ‘எத்தனை முறை வரும்’ என்ற கட்டத்தில் சிவப்புப் பட்டனுக்கு நேராக ‘ஒரு முறை’ என்று இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை போர்டைக் கழற்றி எடுத்துவரப் பட்டறைக்குக் கிளம்பினேன். தோழன் வரவில்லை, வக்கீல் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தான். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டிலிருந்து பஸ் வெளியே திரும்பும்போது ஒருவர் கையில் பையோடு ஓடி வந்து பஸ்ஸின் பக்கத் தகரத்தை அடிக்க ஆரம்பித்தார். டிரைவர் பார்த்துவிட்டார், பிரேக்கும் போட்டார். அவர் நிறுத்தவில்லை. பஸ் முழுக்க நின்று, கண்டக்டர் “ஏறுய்யா, நின்னுகினுதான கீது” என்று திட்டும்வரை பதினைந்து இருபது தடவை தகரத்தில் உள்ளங்கை விழுந்தது.

நானும் அப்படித்தான் அடிப்பேன். இந்தப் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான். ஒரு தடவை தட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற ஆளை நான் பார்த்ததே இல்லை. நிற்கும்வரை அடிப்போம். நின்ற பிறகும் இரண்டு அடி.

திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை டிக்கெட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். அண்ணாத்த மெஷின் ஓட்ட வருவதற்கு முன்னால் இருபது வருஷம் சம்மட்டி பிடித்துக் கல் உடைத்தவர். அந்தக் கை பட்டனை அழுத்தாது, பட்டன்மேல் இறங்கும். ஒரு குத்துக்கு உள்ளே இருக்கிற தகடு ஐந்தாறு தடவை அதிரும். அதிர்வு ஒவ்வொன்றையும் என் சிப் ஒரு அழுத்தலாக எடுத்து வரிசையில் வைக்கும். ஒவ்வொன்றுக்கும் அறுபது மில்லி செகண்ட் முதல் மரியாதை. ஒரு செகண்டுக்கு நாலு குத்து என்றால், ஒரு செகண்டில் வருகிற வேலையை முடிக்க ஒரு செகண்ட் போதாது. வரிசை வளர்ந்துகொண்டே போகும். வண்டியைக் கவனிக்கிற வேலைக்கு முறையே வராது. கடைசியாக வண்டிக்குச் சொன்ன வார்த்தை ‘முன்னால் போ’. அதிகமாகக் கரண்ட் இழுத்தால் தானாக நிறுத்த வேண்டிய இன்னொரு வேலையும் அதே வரிசைக்குப் பின்னால் நிற்கும்.

அவர் நிறுத்து நிறுத்து என்று அடிக்க அடிக்க வண்டி போய்க்கொண்டே இருந்திருக்கிறது.

பட்டறையில் முதலாளி இல்லை. மெஷின் பக்கம் யாரும் போகாமல் கயிறு கட்டியிருந்தார்கள். போர்டைக் கழற்றி, கையோடு கொண்டுபோயிருந்த கருவியை மாட்டி நினைவகத்தைப் படித்தேன். போன வாரம் சர்வீஸுக்கு வந்தபோது எட்டு என்று இருந்த எண்ணிக்கை இப்போது நூற்று ஐம்பத்தொன்று. நூற்று நாற்பத்து மூன்று அழுத்தல்கள். அறுபதால் பெருக்கினால் எட்டரை செகண்ட். வண்டி ஒரு செகண்டுக்கு ஐந்து சென்டிமீட்டர் நகரும். ஆக நாற்பத்து மூன்று சென்டிமீட்டர்.

கல் இன்னும் வண்டிமேல்தான் இருந்தது. அறுத்த கோட்டில் ஓர் இடத்திலிருந்து கல் கறுத்துப் பொசுங்கியிருந்தது. தண்ணீர் இல்லாமல் பிளேடு தேய்த்த இடம். அளவுக் கோலை வைத்துப் பார்த்தேன். நாற்பத்து நாலு.

இதை மறைக்காமல் சொல்கிறேன். அந்த நிமிடம் எனக்குச் சந்தோஷம் வந்தது. ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம். காய்ந்த ரத்தத்தின்மேல் நின்றுகொண்டு, கணக்கு பொருந்திவிட்டது என்று மறுபடியும் அளந்து பார்த்தேன். அதற்கப்புறம்தான் மற்றது வந்தது. குனிந்து அங்கேயே வாந்தி எடுத்தேன்.

மாலை நாலு மணிக்குச் செங்கல்பட்டு அறையில் தோழனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் மேஜைமேல் கிடந்த போர்டையே பார்த்துக்கொண்டிருந்தான். வக்கீல் அவனிடம், ஆபரேட்டர் அழுத்தவில்லை என்பதை விட்டு நகராதீர்கள் என்று சொல்லியிருந்தாராம். முதலாளி ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்ததும் அதுதானாம். நான் திங்கட்கிழமையைப் பற்றிப் பேசினேன். இரண்டு கைகளைப் பற்றிப் பேசினேன். அவன் எழுந்து போய் நினைவகத்தை அழிக்கிற கருவியின் சுவிட்சைப் போட்டான்.

“மச்சான், அந்தாளு அமுக்கலன்னே இருக்கட்டும். நீ வாயத் தொறக்காத. நாம ரெண்டு பேரும் உள்ள போவணுமா?”

போர்டை அவன் கையிலிருந்து பிடுங்கினேன். அவன் என் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு அடித்தான். நாலு வருஷம் ஒரே பாயில் படுத்தவர்கள் நாங்கள். எங்கே அடித்தால் எனக்கு வலிக்கும் என்று அவனுக்குத் தெரியும். கீழே உருண்டபோது சூடாக இருந்த சாலிடரிங் அயர்ன் மேஜையிலிருந்து விழுந்தது. அவன் அதை எடுத்தானா, தானாகப் பட்டதா என்று இன்றுவரை எனக்கு உறுதியாகத் தெரியாது. என் முழங்கைக்குக் கீழே தோல் பொசுங்கிய வாசனை வந்தது. நான் அவன் கட்டைவிரலை எலும்பு தட்டுப்படும்வரை கடித்தேன். அவன் அலறிக்கொண்டு விட்டான். போர்டைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு படியிறங்கி ஓடினேன். அவன் மாடியில் நின்று, என் அம்மாவைச் சேர்த்துத் திட்டினான். அதற்கப்புறம் நாங்கள் ஒரே அறையில் உட்கார்ந்தது கிடையாது.

சனிக்கிழமை முழுக்க அணுபுரத்து வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பெட்டி தயார் செய்தேன். அந்த போர்டு, ஒரு பேட்டரி, வண்டி மோட்டாருக்குப் பதிலாக ஒரு பல்பு, அதே மாதிரி காளான் தலை வைத்த சிவப்புப் பட்டன். பல்பு எரிந்தால் வண்டி போகிறது. அணைந்தால் நின்றது. அம்மா கையில் இருந்த கட்டைப் பார்த்துக் கேட்டதற்கு பைக் சைலன்ஸர் சுட்டுவிட்டது என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை கோவளத்தில் போய் இறங்கினேன். கடற்கரைக்குப் போகிற சந்தில் அவர்கள் வீடு. அண்ணன்காரர் வாசலில் போட் இன்ஜினைப் பிரித்து சாக்குமேல் பரப்பி வைத்துக்கொண்டிருந்தார். கையெல்லாம் கிரீஸ். வியாழக்கிழமை பார்த்த முகங்களில் இரண்டு அங்கே இருந்தன. என்னை அடையாளம் தெரிந்து எழுந்தார்கள். தம்பிக்காரருக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். கண்ணைத் தைத்துவிட்டதாகவும், தாடைக்குக் கம்பி போட்டிருப்பதாகவும், ஸ்ட்ரா வைத்துக் கஞ்சி குடிப்பதாகவும் ஒரே மூச்சில் சொன்னார். பிறகு எதற்கு வந்தேன் என்றார்.

பேசினால் புரியவைக்க முடியாது என்று தெரிந்ததால் பெட்டியைத் தரையில் வைத்து பல்பை எரியவிட்டேன். இதுதான் வண்டி, இதுதான் பட்டன் என்றேன். ஒரு தடவை விரலால் மெதுவாக அழுத்தச் சொன்னேன். அழுத்தினார். பல்பு உடனே அணைந்தது.

“அதான் அன்னிக்கே சொன்னியே” என்றார்.

மறுபடியும் எரியவிட்டேன். இப்போது எதிரில் தம்பி நிற்கிறார், பல் பறக்கப் போகிறது, அப்போது எப்படி அழுத்துவீர்களோ அப்படி அழுத்துங்கள் என்றேன். அவர் என்னை ஒரு கணம் முறைத்தார். பிறகு முஷ்டியை மடக்கிக் குத்தினார். பல்பு எரிந்தது. இன்னொரு குத்து. எரிந்தது. முகம் மாறி, முட்டிபோட்டு உட்கார்ந்து, சம்மட்டி மாதிரி குத்தினார். பெட்டி துள்ளியது, பல்பு கொஞ்சம்கூட மங்காமல் எரிந்தது. வாசலில் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். குத்தோடு குத்தாக “நில்லு, நில்லு” என்று அவர் வாயிலிருந்து தானாகவே வந்துகொண்டிருந்தது. கை வலித்து நிறுத்தினார். அதற்கப்புறமும் பல்பு எரிந்துகொண்டேதான் இருந்தது. இரண்டு மூன்று செகண்ட் கழித்து அதுவாக அணைந்தது.

அண்ணன்காரர் அணைந்த பல்பையே பார்த்தார்.

“அப்போ அந்தாளு அடிக்க அடிக்க வண்டி போய்கினே இருந்துச்சு.”

ஆமாம் என்றேன். நூற்று நாற்பத்து மூன்று என்றேன். கல்லில் இருந்த கறுப்புக் கோட்டைப் பற்றிச் சொன்னேன்.

“இத எழுதுனது யாரு?”

“நான்தாண்ணே.”

முதல் அடி எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. காது அடைத்துக்கொண்டது. இரண்டாவது வாயில். பல் இரண்டு நாக்கின்மேல் தனித்தனியாகக் கிடந்தன. கீழே விழுந்ததும் இன்ஜின் பாகங்கள் முதுகில் குத்தின. அவர் என்மேல் உட்கார்ந்து அடித்தார். மற்றவர்கள் யாரும் அடிக்கவில்லை, தடுக்கவும் இல்லை. நடுவில் ஒரு தடவை, விரல்களைத் தொங்கவிட்டுக்கொண்டு, “எண்பதுன்னியே, எண்பதுன்னியே” என்று கேட்டுவிட்டு மறுபடியும் அடித்தார். அதில் எனக்கு எதிர்ப்பு எதுவும் இல்லை. முகத்தைக் கையால் மூடிக்கொண்டதோடு சரி. கடைசியில் ஸ்பானரை எடுத்தபோது என் தலைக்குத்தான் என்று நினைத்தேன். பெட்டிமேல் போட்டார். நாலு அடியில் போர்டு தூளாகிவிட்டது.

எழுந்து நின்று மூச்சு வாங்கினார். பக்கத்திலிருந்தவரிடம் திரும்பினார்.

“ஆஸ்பத்திரி வாசல்ல குந்திகினு கீறவனுங்கள வூட்டுக்கு வரச் சொல்லு. அந்தாள ஒண்ணும் பண்ண வேணாம்.”

எண்ணிக்கை இருந்த நினைவகம் அந்த போர்டோடு போய்விட்டது. ஸ்டேஷனில் நான் பிறகு எழுதிக் கொடுத்த மூன்று பக்கக் கணக்கை ஒருவரும் படிக்கவில்லை. ஆனால் கோவளத்து ஆட்களே வந்து, பட்டனை அழுத்தியது உண்மை, மெஷின்தான் கெட்டது என்று சொன்ன பிறகு அண்ணாத்தமேல் இருந்த புகார் நகரவில்லை. பட்டறையில் அடுத்து வந்த மெஷினில் சிவப்புப் பட்டனை நேரே மின்சாரத்தோடு இணைத்தார்கள். இதெல்லாம் பின்னால் நடந்தவை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் வாயில் துண்டைப் பொத்திக்கொண்டு செங்கல்பட்டுக்குப் போனேன். இரண்டு பஸ் மாற வேண்டியிருந்தது. பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. திங்கட்கிழமை வாசலில் யாரும் நிற்க மாட்டார்கள் என்பதை அண்ணாத்தயிடம் என் வாயால் சொல்ல வேண்டும் என்ற ஒரே அவசரம்.

மத்தியானம், பார்வையாளர் நேரம். விலாவைச் சுற்றிக் கட்டுப் போட்டு, தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரு கண் இன்னும் முழுதாகத் திறக்கவில்லை. என் முகத்தைப் பார்த்ததும் முதலில் சிரிக்கப் பார்த்தார். விலா விடவில்லை.

“உன்னயும் போட்டானுங்களா?”

எல்லாவற்றையும் சொன்னேன். பஸ்ஸை அடித்த ஆளிலிருந்து பல்பு வரை. பல் போன இடத்தில் காற்று புகுந்து பாதி வார்த்தை சரியாக வரவில்லை, இருந்தாலும் வேகத்தைக் குறைக்க எனக்குத் தெரியவில்லை. நூற்று நாற்பத்து மூன்று என்றதும் அவர் பக்கத்துக் கட்டில்காரர் பக்கம் திரும்பி, “பாத்தியா, நான் அமுக்குனேன்னு சொன்னனா இல்லயா? மெஷினே எண்ணி வச்சிருக்குது” என்றார். மூன்று நாளாக எல்லோரிடமும் சொல்லியிருப்பார் போல. அந்தக் கட்டில்காரர் தலையை ஆட்டினார். அண்ணாத்தயின் முகத்தில் ரத்தம் திரும்பி வருவதைப் பார்த்தேன். வந்த வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

நான் சொன்னது ஒவ்வொன்றாக அவருக்குள் போய்ச் சேருவது தெரிந்தது. வலது கையைப் போர்வைக்கு வெளியே எடுத்து மடியில் வைத்தார். முஷ்டியின் ஓரம் பட்டனைக் குத்திக் குத்தித் தோல் உரிந்து கறுத்திருந்தது. மூன்று நாளாக அந்தக் கையை யாரும் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை, நான் உட்பட.

“ஒரே ஒரு வாட்டி அமுக்கிட்டுக் கைய எடுத்திருந்தா?”

நான் துண்டை வாயில் பொத்திக்கொண்டேன்.

“சொல்லு நைனா. உனக்குத்தான் எல்லாம் தெரியுமே. நின்னிருக்குமா?”

“நின்னிருக்கும்.”

“எவ்ளோ நேரத்துல?”

எண்பது என்று சொல்ல வாய் வரவில்லை. உடனே நின்றிருக்கும் என்றேன்.

அவர் அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடுத்த கட்டடத்தில் ஸ்ட்ரா வழியாகக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவர் இவரோடு ஏழு வருஷம் ஒரே பட்டறையில் வேலை செய்தவர். ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடுவார்கள்.

“எங்கிட்ட ஏன்டா சொன்ன?” என்றார்.

ஸ்டூலின் மேலிருந்த எவர்சில்வர் செம்பைத் தூக்கி என்மேல் எறிந்தார். விலாவில் அடிபட்ட ஆளிடம் அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அது என் புருவத்தைக் கிழித்துவிட்டு, தண்ணீரை இறைத்துக்கொண்டு வார்டின் அந்தக் கோடிவரை உருண்டு போனது. நர்ஸ் ஓடி வந்து என்னைத்தான் வெளியே தள்ளினார். கதவுக்கு வெளியே நின்றபோது உள்ளே இரும்புக் கட்டிலை யாரோ கையால் ஓங்கி ஓங்கி அடிக்கிற சத்தம் கேட்டது. எண்ணக் கூடாது என்று நினைத்தும் எண்ணிக்கொண்டிருந்தேன்.